பத்தொன்பதில் பதினேழு

பத்தொன்பது முறை போய் பதினேழு முறை பிடிபட்டவனை இருபதாவது முறையும் அனுப்பலாமா, கூடாதா? அந்த வாரம் தூத்துக்குடி முழுக்க இதுதான் பேச்சு. சலூனில் பேசினார்கள். மக்ரூன் வாங்க நின்ற வரிசையில் பேசினார்கள். கோயிலில் பூசை முடிந்து செருப்பு மாட்டுகிற இடைவெளியில்கூட இரண்டு பேர் கை நீட்டிச் சண்டை போட்டதை நான் பார்த்தேன்.

சனிக்கிழமை சென்னையில் கபடி லீக்கின் இறுதிப் போட்டி. எங்கள் தென்பாண்டி அணிக்கு எதிரே கொங்கு அணி. எங்களுக்காக முதலில் பாடிப் போகிற ரைடர் கொம்பையா. மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்க் களத்துக்குள் போய், ஒருவரைத் தொட்டுவிட்டு உயிரோடு திரும்புவதுதான் ரைடர் வேலை. திரும்பும்போது பின்னால் ஒரு உதை விட்டுத் தொடுவது கொம்பையாவின் வித்தை. கொங்கு அணியின் இடது மூலையில் நிற்பவர் தவசி. பாடி வருகிறவன் காலைப் பிடித்துக் கவிழ்ப்பது அவர் வேலை. கொம்பையா மற்ற அணிகளிடம் பத்து முறை போனால் ஏழு முறை தொட்டுவிட்டு வருவார். தவசி மூலைக்குப் போனால் மட்டும் பத்தொன்பதில் பதினேழு. ஐந்து வருடக் கதை இது, அரங்கத்தின் பெரிய திரையில் ஒவ்வொரு முறையும் கொட்டை எழுத்தில் காட்டி மானத்தை வாங்குவார்கள்.

நான் ஹெப்சிபா. ஊர் நாகர்கோவில். அணியில் என் பதவிக்கு ‘நினைவுத் தளர்வு நிபுணர்’ என்று பெயர். ஆட்டக்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. என் அறையை அவர்கள் ‘சிலேட்டு’ என்பார்கள். எழுதினதை எச்சில் தொட்டு அழிக்கிற இடம் என்று அர்த்தம். எனக்கு அதில் வருத்தம் இல்லை, வேலை என்னவோ அதுதான்.

புதன்கிழமை காலை கோச் அந்தோணி சார் என்னையும் கொம்பையாவையும் கூப்பிட்டார். முகாம் ஒரு பழைய உப்புக் கிட்டங்கி, ஒரு காலத்தில் மூட்டை அடுக்கிய கூடம். எத்தனை முறை கழுவினாலும் சுவரில் உப்பு பூத்துக்கொண்டே இருக்கும். அவர் கொம்பையாவின் தலைப் பதிவைத் திரையில் போட்டிருந்தார். விளையாடும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று தலைப்பட்டை எழுதிக்கொண்டே இருக்கும். லீக்கில் எல்லாரும் அதை மாட்டித்தான் ஆகவேண்டும்.

“இத பாரு. உன் பின்னொதை மத்தவன்கிட்ட எப்படிப் போவுது, தவசிகிட்ட எப்படிப் போவுது. கால் செகண்டு லேட்டு. அந்தக் கால் செகண்டுல என்ன எழுதிருக்கு வாசி.”

கொம்பையா வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவையும் இல்லை. சிவப்பில் ‘பயம்’ என்று இருந்தது.

“பழைய பாயிண்டெல்லாம் ஒண்ணும் கிடையாதுன்னு நாப்பது வருசமா பிள்ளையள்ட்ட சொல்லிட்டு வாரேன். ஒவ்வொரு ரைடும் புதுசுன்னு சொல்லுவேன். ஆனா பதினேழுங்கிறது... என்னால அப்படிச் சொல்ல முடியல கொம்பையா. ஒண்ணு சிலேட்டுக்குப் போ. இல்லேன்னா சனிக்கிழம வெளிய உக்காரு.”

கொம்பையாவுக்கு முப்பத்து மூன்று வயது. முட்டியும் தோளும் ஒவ்வொன்றாக முனக ஆரம்பித்திருக்கிற வயது. பதினோரு வருடமாக லீக்கில் ஓடுகிறார், ஒரு கோப்பையையும் கையால் தொட்டதில்லை. அடுத்த வருடம் அவரை யாரும் எடுக்கப்போவதில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

“பயம்னே இருக்கட்டும் சார். போறேன்” என்றார்.

அவர் அதைச் சொன்ன விதம் எனக்கு இடித்தது. பயம் உள்ளவன் ஒன்று மறுப்பான், இல்லை ஒத்துக்கொண்டு தலையைக் குனிவான். இவர் யாருக்கோ விட்டுக்கொடுக்கிற மாதிரி சொன்னார். அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டே கிட்டங்கியை மூன்று சுற்று வந்தேன்.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு கொம்பையா வந்தார். மாத்திரையை விழுங்கக் கொடுத்து, தலையில் தொப்பியை மாட்டினேன்.

“இது வலிக்குமா மேடம்?”

“வலிக்காது. இது எப்படி வேலை செய்யும்னு சொல்லிடுறேன், சொல்லணும்னு விதி. ஒரு ஞாபகத்தை நாம எடுத்துப் பேசும்போது அது கொஞ்ச நேரம் இளகி இருக்கும். பேசி முடிச்சதும் திரும்ப இறுகிடும். இந்த மாத்திரை போட்டா இறுகாது. தொப்பி பச்சையா எரியற வரைக்கும் நீங்க வாய் விட்டு எதைச் சொல்றீங்களோ அது கரைஞ்சு போயிடும்.”

“சொல்லாதது?”

“சொல்லாதது அப்படியே இருக்கும். அதனாலதான் நீங்களே சொல்லணும். நான் அழிக்க முடியாது. எழுதினவன்தான் அழிக்கணும்.”

“அப்ப சரி. அந்தப் பத்தொன்பத மட்டும் சொல்லுதேன்.”

அந்த ‘மட்டும்’ என் காதில் விழுந்தது. அதை நான் நிறுத்தி விசாரித்திருக்க வேண்டும்.

பத்தொன்பதையும் வரிசையாகச் சொன்னார். முதலாவது பாட்னாவில், கணுக்கால். இரண்டாவது புனேயில், அதே கணுக்கால். சொல்லச் சொல்ல முகம் லேசானது. பன்னிரண்டாவதைச் சொல்லும்போது ஒன்றாவது போயிருந்தது. பத்தொன்பதும் முடிந்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது, அவர் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி கால்களை ஆட்டிக்கொண்டிருந்தார்.

விதிப்படி நான் உடனே தொப்பியைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றும்வரை வாயைத் திறக்கக்கூடாது. எட்டு வருடமாக ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் எனக்குப் புதன்கிழமையிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு பேச்சுப் பேசுவோமே, அந்தப் பழக்கம். கேட்டுவிட்டேன்.

“நீங்க பயப்படற ஆள் இல்லையே கொம்பையா. அந்த ஒரு மூலைகிட்ட மட்டும் ஏன் கால் தயங்குது?”

வேலை முடிந்துவிட்டது என்று அவரும் நினைத்துவிட்டார். சிரித்தார்.

“உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன மேடம். நீங்க வெளிய சொல்ல மாட்டிய. அவன் மொழங்கால்தான். பதினாலு வருசம் இருக்கும். சாத்தான்குளம் பக்கம் ஒரு கோயில் கொடைக்குக் கபடி வச்சிருந்தாவ. மண்ணு தரை. நான் ஒரு ஊரு டீம், அவன் ஒரு ஊரு டீம். அதுக்கு முன்ன அவன நான் பாத்ததே இல்ல. பாடிப் போயிட்டுத் திரும்பும்போது பின்னால ஒரு ஒதை விட்டேன். வலது மொழங்கால்ல பட்டுச்சு. சத்தம் கேட்டுச்சு மேடம். காஞ்ச பனமட்டய மிதிச்சா கேக்கும்லா, அதே சத்தம்.”

நான் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அடுத்த வாரம் அவன் போலீஸ் செலக்சனுக்குப் போக வேண்டியவன். என்னால போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா சீட்டுல ஏறிரும், பொறவு எந்த டீமும் எடுக்காதுன்னு எலும்பு வைத்தியர்ட்ட கட்டுப் போட்டோம். ஞாயித்துக்கிழம தோறும் நான்தான் பைக்ல வச்சுக் கூட்டிட்டுப் போவேன். ஒண்ணேகால் வருசம். மொத மாசம் பூரா என்கூட ஒரு வார்த்த பேசல. ரெண்டாவது மாசம் ஒரு நாளு, பின்னால இருந்து, ‘லேய், பள்ளம் பாத்து ஓட்டுல’ன்னான். அம்புட்டுத்தான். அன்னைக்குப் புடிச்ச சிநேகம். இப்பவும் ஞாயித்துக்கிழம போன் போடலேன்னா கெட்ட கெட்ட வார்த்தையா ஏசுவான்.”

“லீக்ல மருத்துவச் சோதனை பண்ணுவாங்களே?”

“பழைய தழும்புன்னு எழுதி விட்டுட்டாவ. அவன் வாயத் தொறக்கல. நானும் தொறக்கல. தெரிஞ்சா அன்னையோட நிறுத்திருவாவல்லா. வைத்தியர் அன்னைக்கே சொல்லிட்டாரு, இன்னொரு தடவ அதே இடத்துல பட்டா நடக்கலாம், ஓட முடியாதுன்னு. அதான் மேடம். எதுத்தாப்புல அவன் நின்னான்னா, ஒதைக்கதுக்கு முன்ன ஒரு தடவ கீழ பாத்துக்கிடுவேன், அந்த மொழங்கால் எங்க இருக்குன்னு. கோச்சுகிட்ட இதச் சொல்ல முடியுமா? மிசினு பயம்னு சொல்லிச்சு, சரி பயம்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன். தோத்ததெல்லாம் போனாலும் அவன் மொழங்கால் எனக்கு மறக்காதுல்லா. அவன்...”

பேச்சை நிறுத்திவிட்டார். கால் ஆடுவதும் நின்றது.

“யாரப் பத்தி மேடம் சொல்லிட்டிருந்தேன்?”

அப்போதுதான் தொப்பியைப் பார்த்தேன். பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

கேட்டவள் நான். தொப்பியைக் கழற்றாமல் கேட்டவளும் நான். கதை கேட்கிற ஆசையில் ஒரு மனிதனின் பதினான்கு வருடச் சிநேகத்தை நின்றபடியே கேட்டு அழித்துவிட்டேன். இளகிக் கரைந்ததைத் திரும்ப உறைய வைக்க என்னிடம் எதுவும் கிடையாது. யாரிடமும் கிடையாது.

“ஒண்ணுமில்லை” என்றேன். “சும்மா பேசிட்டிருந்தோம்.”

அந்தோணி சாரிடம் ஓடினேன். அவர் களத்தின் ஓரத்தில் நின்று பையன்களை விரட்டிக்கொண்டிருந்தார். ஓரமாக அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விசிலைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் தரையைப் பார்த்தார்.

“நான் பயம்னு வாசிச்சேன்” என்றார்.

“மிஷினும் அப்படித்தானே சார் வாசிச்சுது.”

“மிசின் கெடக்கு. அது தலையப் பாத்துப் படிச்சுது. நான் ஆளப் பாத்திருக்கணும்.”

“அவரை உட்கார வைங்க சார்.”

“என்ன காரணம் சொல்லி? காரணத்தச் சொன்னா அங்க ஒருத்தன் பொழப்பு போவும். சொல்லாம உக்கார வச்சா இங்க ஒருத்தன் பொழப்பு போவும்.”

“அப்ப கொம்பையாகிட்டயாவது சொல்லிடலாம். இப்படி ஒருத்தர், இப்படி ஒரு முழங்கால்னு.”

“சொன்னா அவனுக்குத் தெரியும். காலுக்குத் தெரியுமாம்மா?”

எனக்குப் பதில் தெரியும். அதுதான் என் படிப்பே. ஐந்து வருடமாகக் கால் தானாகச் செய்ததை இரண்டு நாளில் வாய்ச்சொல்லால் செய்ய வைக்க முடியாது. கால் செகண்டில் சொன்ன சொல் வந்து சேராது.

“தெரியாது சார்.”

“அப்ப சொல்லாத. இப்பம் ஒதைச்சா தெரியாம ஒதைச்சவன். சொன்ன பொறவு ஒதைச்சா தெரிஞ்சே ஒதைச்சவனாயிருவான். அத அவன் தூக்கிச் சொமக்கணுமா?”

நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த நியாயத்துக்குள் ஒரு கோப்பையும் இருந்தது என்பதை நான் மறைக்கப்போவதில்லை. அவர் கெட்டவர் இல்லை. நாற்பது வருடமாகக் கோப்பையைப் பக்கத்து மேசையில் மட்டும் பார்த்தவர்.

வெள்ளிக்கிழமை பயிற்சியில் கொம்பையாவின் பின்னுதை மின்னல் மாதிரி போனது. தவசியின் ஆட்டத் துண்டுகளைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். “நல்ல கையிருக்கு இந்த அண்ணாச்சிக்கு. ஆனா எடம் மாறி நிக்காரு. ஒதைக்கலாம்” என்றார். திரையில் தன்னையே அந்தக் கை கவிழ்ப்பதைப் பார்த்து, “இது நானா?” என்று கேட்டுச் சிரித்தார். பையன்களும் சிரித்தார்கள். நான் வெளியே போய் உப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மதியம் என் அறைக்கு வந்தார். கையில் போன்.

“மேடம், ஒரு சந்தேகம். என் போன்ல ‘முட்டி’ன்னு ஒரு பேரு இருக்கு. ஞாயித்துக்கிழம தோறும் முக்கா மணி நேரம், ஒரு மணி நேரம்னு பேசிருக்கேன். வருசக்கணக்கா. யாருன்னே பிடி கெடைக்கல. பொண்டாட்டிட்ட கேக்கப் பயமா இருக்கு. கூப்பிட்டுப் பாக்கட்டுமா?”

“இப்ப வேண்டாம்” என்றேன். “மேட்ச் முடியட்டும். சிலேட்டுக்கு அப்புறம் மூணு நாள் இப்படி ஒண்ணு ரெண்டு தடுமாறும்.”

பொய். வியாழக்கிழமைக்கு முன் ஆட்டக்காரர் யாரிடமும் நான் பொய் சொன்னதில்லை, இது இரண்டாவது. அவர் நம்பிக்கையோடு தலையாட்டிவிட்டுப் போனார், அதுதான் தாங்க முடியவில்லை.

கொம்பையாவிடம் சொல்லக்கூடாது, அமைப்பாளர்களிடமும் சொல்லக்கூடாது. மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

சனிக்கிழமை காலை சென்னை அரங்கத்தில் இரண்டு அணிகளும் அரை மணி நேரம் களத்தில் கால் பழகிவிட்டுப் போனார்கள். கொங்கு அணியில் எல்லாரும் பஸ் ஏறின பிறகும் தவசி மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்து வலது முழங்காலுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தார். நெற்றியில் பழைய வெட்டுத் தழும்பு, அமைதியான முகம். நான் யார் என்பதைச் சொல்லி, நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது அவர் பட்டை சுற்றுவதை நிறுத்தவில்லை. கடைசிச் சுற்றில்தான் கை நின்றது.

“என்னையுமா மறந்துட்டான்?”

“முழுசா. மன்னிச்சுடுங்க. என் தப்பு.”

“பைக்கு? கொடை? எல்லாமா?”

தலையசைத்தேன். அவர் ஏசுவார் என்று நினைத்தேன், ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“அவன் குனிஞ்சு பாப்பான் மேடம். எனக்குத் தெரியும்” என்றார். “அவன் கண்ணு என் மொழங்காலுக்கு எறங்குற நேரம், அவன் கால் என் கையில. பதினேழு தடவையும் அப்படித்தான் பிடிச்சேன். நான் தெறமசாலின்னு டிவியில சொல்லுவான், பேப்பர்ல போடுவான். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஞாயித்துக்கிழம எல்லாம் பேசுவோம், அவன் பிள்ளைக்குக் காய்ச்சல்லருந்து எங்க வீட்டு மாடு வரைக்கும். அத மட்டும் பேச மாட்டோம். அவன் ஒரு நாளும் கேட்டதில்ல. நான் ஒரு நாளும் சொன்னதில்ல.”

“இன்னைக்கு நீங்க விளையாடாம இருந்துடலாமே. வயித்து வலின்னு சொல்லுங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்.”

அவர் எழுந்து முழங்காலை இரண்டு முறை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

“பதினேழும் அவன் எனக்கு விட்டுக் குடுத்தது மேடம். அதுல எனக்குன்னு ஒண்ணுகூடக் கெடையாது. இன்னைக்குத்தான் அவன் என்ன மத்தவன மாதிரி பாத்து விளையாடப் போறான். ஒரு தடவையாவது அவன நேரா பிடிச்சுப் பாக்கணும்லா.”

“முழங்கால் போயிடும்.”

“போனா போவுது. இல்ல, போவட்டும்னு சொல்லல, பயமாத்தான் இருக்கு. ஆனாலும் உக்கார மாட்டேன்.”

பஸ்ஸில் ஹாரன் அடித்தார்கள். அவர் கொஞ்சம் நொண்டிக்கொண்டு போய் ஏறினார்.

மாலை ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. திரையில் வழக்கம்போல அந்த எண்ணைப் போட்டார்கள், பத்தொன்பதில் பதினேழு. கொம்பையா அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, யாரோ ஒரு பாவப்பட்டவனைப் பற்றிய செய்தி போல, தொடையைத் தட்டிக்கொண்டு பாடிப் போனார்.

முதல் ரைடில் தவசி மூலையை நோக்கி ஒரு உதை. தவசியின் கை காலைத் தேடிய இடத்தில் கால் இல்லை. தொடையின் வெளிப்பக்கம் பட்டுவிட்டது. ஒரு பாயிண்ட். அரங்கம் ஒரு கணம் அமைதியாகி, பிறகு அலறியது. ‘பழைய பாயிண்டாவது மண்ணாவது’ என்று எனக்குப் பின்னால் ஒருவர் கத்தினார். அவர் நேற்றுவரை கொம்பையாவை உட்கார வைக்கச் சொன்னவராக இருப்பார்.

இரண்டாவது முறை பிடிபட்டார். கணுக்கால் இல்லை. தவசி முன்னால் பாய்ந்து இரண்டு தொடையையும் சேர்த்து அள்ளிக் கவிழ்த்தார். எழுந்தபோது அவர் முகத்தில் நான் டிவியில் ஒருநாளும் பார்த்திராத சிரிப்பு. நேராகப் பிடித்துவிட்டார். கொம்பையாவும் தட்டிவிட்டு எழுந்து, “சூப்பர் பிடி அண்ணாச்சி” என்று கை கொடுத்தார். தவசி அந்தக் கையை ஒரு வினாடி அதிகமாகப் பிடித்திருந்தார்.

அதோடு விட்டுவிடு, வெளியே போய் உட்கார்ந்துகொள் என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்கு உட்கார இருக்கை இருந்தது. நின்றுகொண்டே இருந்தேன். பின்னால் இருந்தவர் இரண்டு முறை, “யம்மா, மறைக்குது” என்றார்.

கடைசி நிமிடம். இருபத்தெட்டு, இருபத்தெட்டு. இரண்டு வெற்று ரைடு போய்விட்டதால் மூன்றாவதில் தொட்டே ஆகவேண்டும், தொடாமல் திரும்பினால் அவுட். கொம்பையா போனார். எதிரே மூன்று பேர். நடுவில் நின்றவர்களை ஒரு பக்கமாக இழுத்துவிட்டு, திரும்புகிற மாதிரி பாவனை காட்டினார். தவசி மூலையிலிருந்து புறப்பட்டார். கணுக்காலுக்குக் குனிந்திருந்தால் முழங்கால் பின்னால் இருந்திருக்கும். அவர் குனியவில்லை. மறுபடியும் தொடைக்கு, நேராக, வலது காலை முன்னால் வைத்து வந்தார்.

பின்னுதை போனது. ஒரு துளி தாமதம் இல்லை. கீழே பார்க்கவில்லை.

கூட்டம் போட்ட கூச்சலில் சத்தம் எதுவும் கேட்டிருக்க முடியாது. எனக்குக் கேட்டது.

கொம்பையா கோட்டைத் தாண்டி விழுந்தார். இருபத்தொன்பது. பையன்கள் அவர் மேல் பாய்ந்தார்கள். அந்தோணி சார் தலையில் கை வைத்தபடி அப்படியே நின்றார், கோப்பை கிடைத்த மனிதர் மாதிரியே இல்லை. கொம்பையா பையன்களை உதறிவிட்டு எழுந்து பார்த்தார். தவசி மூலையில் கிடந்தார். ஓடினார். நானும் களத்துக்குள் செருப்போடு ஓடினேன், யாரும் தடுக்கவில்லை.

“அண்ணாச்சி, அடி பலமா பட்டுட்டோ? நான் பாக்கல அண்ணாச்சி. சத்தியமா கீழ பாக்கல.”

தவசி வியர்வையோடு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். கொம்பையாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“விடுல மக்கா” என்றார். “உனக்கு இது மொத தடவதான?”

மருத்துவ அறையில் டாக்டர் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் படம் எடுக்க எழுதினார். சொல்லத் தேவையில்லை. தவசி எனக்குக் கேட்கும்படி மெதுவாக, “ஒண்ணு நேரா பிடிச்சேன்லா” என்றார். ஆமாம் என்றேன்.

வெளியே மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கோப்பையோடு படம் எடுக்கக் கொம்பையாவைத் தேடி இரண்டு பேர் வந்தார்கள். அவர் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றார். யாரோ ஒருவருக்காக ஏன் இப்படித் தவிக்கிறோம் என்று அவருக்கே புரியாத ஒரு முகம்.

“எனக்கு என்னமோ மாதிரி இருக்கு அண்ணாச்சி. உங்க நம்பரச் சொல்லுங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழம, எனக்கு வேல ஒண்ணும் கெடையாது. வந்து பாக்கேன். அதுக்குப் பொறவும் வாரம் ஒரு தடவ போன் போட்டு விசாரிக்கேன்.”

தவசி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். கொம்பையா ஒவ்வொன்றாக அழுத்தினார். ஏழாவது எண்ணில் விரல் நின்றது. மிச்சத்தை போன் தானாக நிரப்பி, மேலே பெயரைக் காட்டியிருந்தது.

கொம்பையா போனைப் பார்த்தார். பிறகு ஐஸ் கட்டி வைத்திருந்த வலது முழங்காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன், மறக்க ஒரு தொப்பியும் போட்டுக்கொள்ள மாட்டேன்.

“சொல்றேன் கொம்பையா” என்றேன். “எல்லாத்தையும் நான்தான் வச்சிருக்கேன். சொல்றேன்.”

அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். தள்ள வந்த ஊழியரைக் கொம்பையா கையால் ஒதுக்கிவிட்டுத் தானே கம்பியைப் பிடித்தார். அவருக்கு வழி தெரியாது, வேகமும் தெரியவில்லை. அறை வாசலில் ஒரு சின்னப் பள்ளம், வண்டி குலுங்கியது. தவசி பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

“லேய்” என்றார், மூடின கண்ணோடு. “பள்ளம் பாத்து ஓட்டுல.”

கொம்பையா வண்டியை நிறுத்தினார். அந்தச் சொல்லை எங்கே கேட்டோம் என்று தேடுகிறவர் மாதிரி ஒரு நொடி நின்றார். கிடைக்கவில்லை. குனிந்து, தரையைப் பார்த்து, சக்கரம் எங்கே இருக்கிறது, முழங்கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகத் தள்ள ஆரம்பித்தார்.

“சரி அண்ணாச்சி” என்றார்.